வாசலில் ஒரு கறுப்புக் கோலம்

எங்கள் வீட்டு வாசலில் தினம் இரண்டு கோலம் உண்டு. ஒன்று என் சம்சாரம் போடுவது. மற்றொன்று எங்கள் அம்பாஸடர் கார் போடுவது. அதற்குப் புள்ளி வைக்க மட்டும்தான் தெரியும். ராத்திரி முழுக்க நிதானமாக, கறுப்புக் கறுப்பாக வைத்துக்கொண்டே இருக்கும். "ஒண்ணு புள்ளியை நிறுத்தச் சொல்லுங்கோ, இல்லேன்னா இழையையும் அதையே இழுக்கச் சொல்லுங்கோ" என்று ஒரு நாள் சம்சாரம் விளக்குமாறும் கையுமாக வந்து நின்றாள். அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டவைதான் இந்த வாரம்.

இதை எழுதத் தூண்டியது கும்பகோணம் வாசகி ஒருவரின் கடிதம். அவருடைய தகப்பனார் காலமாகி ஒரு வருஷம் ஆகிறதாம். அவர் ஆசை ஆசையாகத் துடைத்து வைத்திருந்த பழைய பெட்ரோல் அம்பாஸடர் வீட்டில் நிற்கிறது. கொஞ்ச நாளாக எண்ணெய் ஒழுகுகிறது. ஒர்க் ஷாப்பில் காட்டினால், "பின்பக்க ஆயில் ஸீல் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும்" என்று ஒரு தொகை சொன்னார்களாம். காரை விற்றாலே அவ்வளவுதான் வரும் போலிருக்கிறது. 'அம்மா விற்க வேண்டாம் என்கிறாள். வீட்டுக்காரர் விற்றுவிடலாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?' என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, ஒரு வாரம் பொறுங்கள். அதற்குள் செலவில்லாமல் பார்க்க வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன.

முதலில், கீழே கிடப்பது எஞ்சின் ஆயில்தானா என்று நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். இன்று ராத்திரி காரின் அடியில் நாலைந்து பழைய செய்தித்தாளை விரியுங்கள். முன் சக்கரங்கள் எங்கே நிற்கின்றன என்று தாளில் பென்ஸிலால் குறி போடுங்கள். காலையில் புள்ளிகள் எந்த இடத்தில், எந்த நிறத்தில் விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ, விரலில் வழவழவென்று இருந்தால் எஞ்சின் ஆயில். அதைவிடக் கெட்டியாக, மூக்கைச் சுளிக்க வைக்கும் கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். சக்கரத்தின் உள்பக்கம் தண்ணீர் போல் மெல்லிசாக நனைந்திருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் காரை வாசலைவிட்டு எடுக்கவே எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். பச்சையோ சிவப்போ கலந்த தண்ணீர் என்றால் ரேடியேட்டர். ஏர்கண்டிஷன் கார்க்காரர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் பதற வேண்டாம். அது ஏர்கண்டிஷனரின் வியர்வை.

ஒழுக்கு எவ்வளவு என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நிமிஷத்துக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 10 மணி நேரத்தில் 600 சொட்டு. சுமாராக நாலைந்து தேக்கரண்டி. மாதத்தில் முக்கால் லிட்டர் வரை போய்விடும். டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே அநேகக் கார்களில் 1 லிட்டர்தான் வித்தியாசம். ஆகையால் ஒழுகுகிற காருக்கு வாரம் ஒரு முறை டிப் ஸ்டிக் பார்ப்பது, பாலைக் காய்ச்சுவது போல் தவறாத வேலையாக இருக்க வேண்டும். பார்க்கும்போது கார் சமதரையில் நிற்கட்டும். எஞ்சினை நிறுத்திச் சில நிமிஷம் கழித்து, கோலைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள்.

'ஒழுகுகிறதே, கொஞ்சம் அதிகமாகவே ஊற்றி வைப்போம்' என்று மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். என் மைத்துனர் அந்தக் கட்சி. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அதிகம் ஊற்றினால் என்ன ஆகும்? அதேதான். போதாததற்கு, கிராங்க் ஷாஃப்ட் அந்த எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

சரி, எஞ்சின் ஆயில்தான் என்று தெரிந்துவிட்டது. எங்கிருந்து வருகிறது? இங்கேதான் பெரிய பெரிய மேஸ்திரிகளே ஏமாறுகிறார்கள். எண்ணெய் பிறக்கிற இடம் வேறு, சொட்டுகிற இடம் வேறு. எண்ணெய் மேலிருந்து கீழே வழியும்; கார் ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே எஞ்சினின் உச்சியில் கசிந்தது, கடைசியில் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே இருக்கிற பெல் ஹவுஸிங் அடியில் வந்து சொட்டும். கீழே படுத்துப் பார்க்கிறவர் 'பின் ஸீல் போச்சு' என்று தீர்ப்பு எழுதிவிடுவார். கூரை ஒழுகுகிறபோது, உத்தரத்தின் வழியாக ஓடிச் சமையலறையில் சொட்டுகிறதே, அந்தக் கதைதான்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பேட்டையில் மரத்தடியில் கடை வைத்திருந்த ஒரு கிழவர். எல்லோரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். நான் காரைக் கொண்டுபோய் நிறுத்தியதும் ஸ்பானரைத் தொடவில்லை. "ஸார், குழந்தை முகத்துல மண்ணு அப்பிக்கிட்டிருந்தா காயம் எங்கேன்னு தெரியுமா? முதல்லே குளிப்பாட்டுவோம்" என்றார்.

குளிப்பாட்டுவது இப்படி: எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து அழுக்கைக் கழுவித் துடைக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. ஈரம் முழுக்க உலர்ந்த பிறகுதான் எஞ்சினைக் கிளப்பலாம். உலர்ந்த எஞ்சின்மேல் முகத்துக்குப் போடுகிற பவுடரை லேசாகத் தூவுங்கள். (வீட்டில் அனுமதி பெற்றுக்கொண்டு! எனக்குப் பெற மறந்து போயிற்று.) பத்து நிமிஷம் ஓடவிட்டு, பிறகு ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போய்விட்டு வந்து, பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் எங்கே முதலில் கோடு கிழித்திருக்கிறதோ, அதில் மிக உயரமான, மிக முன்னாலிருக்கிற ஈரம் எதுவோ, அதுதான் ஊற்றுக்கண். இந்தக் காலத்து ஒர்க் ஷாப்புகளில் எண்ணெயில் ஒரு சாயத்தைக் கலந்து ஓட்டிவிட்டு, ஊதா ஒளி விளக்கை அடித்துப் பார்க்கிறார்கள். கசிகிற இடம் மஞ்சள் பச்சையாகப் பளிச்சிடுகிறது. தத்துவம் ஒன்றுதான். புதுக் கார்களில் ஒரு சங்கடம்: அடியில் பிளாஸ்டிக் தட்டு மூடியிருப்பதால் எண்ணெய் அதில் தேங்கிவிட்டு, ரொம்ப நாள் கழித்துத்தான் வாசலுக்கு வரும். அதைக் கழற்றாமல் யாராவது தீர்ப்புச் சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது அம்பாஸடரின் கதைக்கு வருவோம். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் ஸீரீஸ் என்ற இங்கிலீஷ்க் காரின் வார்ப்பு அது. மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை செய்தார்கள். அதில் பல வருஷம் வந்த 1489 ஸி.ஸி. பெட்ரோல் எஞ்சின், பி.எம்.ஸி. கம்பெனியின் 'பி' ஸீரீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. மூல வடிவத்தில், கிராங்க் ஷாஃப்டின் பின் முனையில் ரப்பர் ஸீல் என்று ஒன்று கிடையவே கிடையாது!

பின்னே எண்ணெயை எது தடுக்கிறது? ஷாஃப்டின் மேலேயே திருகாணி மறை போல ஒரு சுருள் வெட்டியிருக்கும். ஷாஃப்ட் சுழலும்போது, வெளியே வரப் பார்க்கிற எண்ணெயை அந்தச் சுருள் திருகித் திருகி உள்ளே அனுப்பிவிடும். வெகு சாமர்த்தியமான ஏற்பாடு. ஆனால் எஞ்சின் நின்றதும் அதுவும் வேலையை நிறுத்திவிடும். அதனால் நிறுத்தி வைத்த காரில், முக்கியமாக மூக்கைத் தூக்கிச் சரிவில் நிறுத்திய காரில், ஓரிரு சொட்டு விழுவது சகஜம். இந்த எஞ்சின் பொருத்திய இங்கிலீஷ்க் கார்களில், பெல் ஹவுஸிங்கின் அடியில் அந்தச் சொட்டு வெளியேற ஒரு துவாரம் வைத்து, அது அடைபடாமல் ஆடிக்கொண்டிருக்க ஒரு ஸ்பிளிட் பின்னையும் தொங்கவிட்டிருப்பார்கள். ஒழுகும் என்பது செய்தவர்களுக்கே தெரிந்த விஷயம் என்று அர்த்தம்!

ஆகவே சகோதரி, ஒர்க் ஷாப்காரரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த ஸீலை மாற்றப் போகிறீர்கள்?" உங்கள் காரில் பின்னாளைய இஸுஸு எஞ்சின் இருந்தால் பின்பக்கம் ரப்பர் ஸீல் உண்டு, அவர் சொல்வது நியாயமாக இருக்கலாம். முன்னமேயே யாராவது பழைய எஞ்சினில் மாற்று ஸீல் பொருத்தியிருந்தாலும் சரிதான். பழைய சுருள்தான் என்றால், மாற்றுவதற்கு அங்கே ஸீல் இல்லை.

அப்படியானால் ஒழுக்கு ஏன் திடீரென்று அதிகமாகிறது? பெரும்பாலும் காரணம் மூச்சு முட்டல். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் புகை எப்போதும் எஞ்சினின் வயிற்றுக்குள் வந்துகொண்டே இருக்கும். அது வெளியேற பிரீதர் குழாய் என்று ஒன்று இருக்கிறது. அதில் பிசுக்குப் பிடித்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எண்ணெயைச் சுருளின் வழியாக, ஸீல்களின் வழியாக, மூடிகளின் இடுக்கு வழியாக, எங்கே இளைத்த இடம் இருக்கிறதோ அங்கே பிதுக்கித் தள்ளும். ஒரே சமயத்தில் நாலு இடத்தில் ஒழுகத் தொடங்கிய எஞ்சினுக்கு நாலு ஸீல் மாற்றுவதற்கு முன்னால் இந்தக் குழாயைப் பாருங்கள். எங்கள் காரில் பாய் அதைக் கழற்றி ஊதினார். காற்றுப் போகவில்லை. உள்ளே இருந்ததைக் கம்பியால் குத்தி எடுத்தபோது, ஆறிப்போன கேசரி மாதிரி ஒரு கட்டி வந்து விழுந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி மாட்டினார். எங்கள் வாசற் கோலத்தில் பாதிப் புள்ளி அன்றே குறைந்தது. புதுக் கார்களில் இந்த வேலையைச் செய்வது பி.ஸி.வி. வால்வு என்ற சின்னச் சாமான். அதுவும் அடைத்துக்கொள்ளும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்த்தியாக வையுங்கள். கை, புடவைத் தலைப்பு எல்லாம் ஃபேன் பெல்ட்டுக்கு எட்டாமல் இருக்கட்டும். பை லேசாகப் படபடத்தால் பாதகமில்லை. பிரீதரைச் சுத்தம் செய்த பிறகும் புஸ் புஸ் என்று புகையோடு தூக்கி எறிந்தால், ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. அப்போது எஞ்சினை இறக்க வேண்டும் என்பவர் பொய் சொல்லவில்லை. ஷாஃப்டின் பின் பேரிங் தேய்ந்து ஷாஃப்டே தணிந்துபோயிருந்தாலும் அப்படித்தான்.

இந்த எஞ்சினில் அடுத்து சந்தேகப்பட வேண்டியவர்கள் மூடிகள். மேலே ஒரு ராக்கர் கவர். பக்கவாட்டில், மானிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு இரண்டு டாப்பெட் கவர்கள். இவற்றுக்கெல்லாம் கார்க் பேக்கிங். பக்கவாட்டு மூடிகளை ஒரு மேஸ்திரியும் லேசில் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே கசிந்தது நேரே பின்னால்தான் வழியும். கசிந்தால் உடனே போல்ட்டை முறுக்குவார்கள். முறுக்க முறுக்கத் தகரம் குழிந்து, கார்க் பிதுங்கி, ஒழுக்கு இன்னும் அதிகமாகும். மூடியைக் கழற்றி, சமமான கட்டையில் வைத்து, குழிந்த இடத்தைச் சுத்தியால் தட்டிச் சமன் செய்து, பழைய பேக்கிங்கைத் துளிகூட இல்லாமல் சுரண்டிவிட்டுப் புதியது வைக்க வேண்டும். கடையில் வாங்கிய கார்க் காய்ந்து சுருங்கி, துளைக்குத் துளை பொருந்தாவிட்டால், கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊற வையுங்கள். பழைய அளவுக்கு வந்துவிடும். டிரெயின் பிளக்கின் செம்பு வாஷர் இறுகிப்போயிருந்தால், இடுக்கியில் பிடித்துக் காஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். மறுபடி இளகிவிடும்.

பேக்கிங் பசையைப் பற்றி ஒரு வார்த்தை. பல் விளக்குகிற பேஸ்ட் போலப் பிதுக்கிப் பிதுக்கி அப்புகிறார்கள். வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரிகிறது; உள்ளே பிதுங்கியது தெரிவதில்லை. அது துண்டு துண்டாக உதிர்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் எஞ்சின் பட்டினி கிடந்து சாகும்.

எஞ்சின் முன்பக்கத்தில், கிராங்க் புல்லிக்குப் பின்னால் டைமிங் கவரில் ஒரு ஸீல் உண்டு. இந்தக் குடும்பத்தின் ஆதிகால எஞ்சின்களில் அது கம்பளித் துணி வளையம், பிறகு ரப்பர். ரப்பர் ஸீலுக்கு உள்பக்கம் மெல்லிய உதடு ஒன்று இருக்கும். அதை ஷாஃப்டோடு அணைத்துப் பிடிக்க ஒரு சின்னச் சுருள் ஸ்பிரிங். சூட்டில் வருஷக்கணக்காகக் கிடந்து அந்த உதடு பழைய அப்பளம் போல விறைத்துப்போகிறது. மாற்றும்போது ஸ்பிரிங் தெரிகிற பக்கம் எண்ணெய்ப் பக்கமாக இருக்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவித்தான் ஏற்ற வேண்டும். முக்கியமானது இதுதான்: ஷாஃப்டில் பழைய உதடு உரசிய இடத்தில் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் சிக்கினால், எத்தனை ஸீல் மாற்றினாலும் ஒழுகும். ஸீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்து, உதடு வழவழப்பான இடத்தில் படும்படி செய்யலாம். அல்லது மெல்லிய எஃகு உறை ஒன்றைப் பள்ளத்தின்மேல் மாட்டலாம். டைமிங் கவரைத் திருப்பிப் பூட்டும்போது, புல்லியை முதலில் நுழைத்து, கவரை நடுமையத்தில் நிற்க வைத்துவிட்டுப் பிறகுதான் போல்ட்டுகளை முறுக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்த புது ஸீல், பழையதைவிட மோசமாக ஒழுகும்.

ஸீல் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். அதன் முகத்தில் 35, 52, 7 என்பது போல மூன்று எண் இருக்கும். ஷாஃப்டின் குறுக்களவு, உட்காரும் குழியின் குறுக்களவு, கனம் என்று அர்த்தம். சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு கடைக்காரர்களிடம் காரின் ஜாதகத்தைச் சொல்வதைவிட இந்த மூன்று எண்ணைச் சொல்வது சீக்கிரம் பலிக்கும். பழைய இங்கிலீஷ் எஞ்சின்களில் அங்குலக் கணக்கும் வரும்.

எண்ணெயில் ஊற்றினால் ஒழுக்கு நிற்கும் என்று புட்டியில் விற்கிறார்களே, அது? விறைத்த ரப்பரை அது கொஞ்சம் உப்பி இளக வைக்கும். சில மாதம் தாங்கலாம். கிழிந்ததை அது தைக்காது; எங்கள் அம்பாஸடரின் சுருளில் அது உப்ப வைப்பதற்கு ஒன்றும் இல்லை.

இவ்வளவு விவரம் சொல்கிறவன் யோக்கியதை என்ன என்று நீங்கள் கேட்கலாம். சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய் ஒழுக்கில் இரண்டு ஜாதி. மூடி, ஸீல், சம்ப் இவற்றில் கசிவது வெறுமே தெறித்து வழிகிற எண்ணெய். சொட்டுச் சொட்டாகத்தான் போகும். ஆனால் ஆயில் ஃபில்ட்டர், அழுத்தம் காட்டும் மீட்டருக்குப் போகிற குழாய், சிவப்பு விளக்கின் ஸ்விட்ச் இவையெல்லாம் பம்ப் அழுத்தித் தள்ளுகிற பாதை. இங்கே ஒழுக்கு வந்தால் நிற்கிற காரில் ஒன்றும் தெரியாது. ஓடுகிற காரில் சில நிமிஷத்தில் சம்ப்பே காலியாகலாம். எனக்கு அந்த வித்தியாசம் தெரியாத காலம். பாயிடம் பார்த்ததை வைத்து நானே ஃபில்ட்டர் மாற்றிவிட்டேன். டப்பா உட்காருகிற பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய வளையம் கறுத்துப்போய் இரும்போடு இரும்பாக ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதன்மேலேயே புது வளையத்தை வைத்து முறுக்கிவிட்டேன். இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை, விழுப்புரத்தில் கல்யாணம். அத்தையை முன் ஸீட்டில் உட்கார வைத்துக் கிளம்பினேன். அத்தை வளர்த்த பிள்ளைக்குக் கல்யாணம். மடியில் கூறைப் புடவைத் தட்டு. திண்டிவனம் தாண்டியதும் அத்தை, "ஏண்டா, செவப்பா என்னமோ எரியறதே?" என்றாள். "பழைய வண்டி, அது அப்படித்தான் அத்தை" என்றேன். அந்த விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது, அது எரியும்போது நேரம் ஏற்கனவே கடந்துவிட்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அங்கேயே நிறுத்தியிருந்தால் ஒரு வளையத்தோடு போயிருக்கும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டினேன். அடியில் யாரோ சுத்தியால் அடிப்பது போல் சத்தம் கேட்டது, எஞ்சின் நின்றது. பேரிங் உருகிப் போயிருந்தது.

ஒரு லாரிக்காரர் புண்ணியத்தில் அத்தை போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. வேறு புடவையில் முகூர்த்தத்தை நடத்திவிட்டார்கள். அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிராங்க் ஷாஃப்டைக் கடைந்து, பேரிங் போட்டு எஞ்சினை எழுப்பப் பெண்ணின் காலேஜுக்கென்று வைத்திருந்த பணம் போயிற்று. பாய் மட்டும் இரண்டு வளையத்தையும் ஒன்றாகச் சேர்த்து என் உள்ளங்கையில் வைத்தார். இப்போதும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன.

கடைசியாக, காரின் அடியில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். செங்கல் முட்டும் வேண்டாம். செங்கல் சொல்லாமல் பிளக்கும். இரும்பு ஸ்டாண்டு வைத்துவிட்டுப் படுங்கள். மிகப் பழைய பேக்கிங்குகளில் கல்நார் இருக்கலாம். காய்ந்த தூளாகச் சுரண்டி மூச்சில் இழுக்காமல், நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள்.

கும்பகோணம் சகோதரி, முதலில் தாள், பிறகு குளியல், பிறகு பிரீதர், பிறகு பக்கவாட்டு மூடிகள். கிளட்ச் வழுக்குகிறதா என்றும் ஓட்டுகிறவரைக் கேளுங்கள். வழுக்கினால் எண்ணெய் கிளட்ச் பிளேட் வரை போய்விட்டது. அப்போது கியர் பாக்ஸைப் பிரிக்காமல் தீராது. வழுக்கவில்லை என்றால், ராத்திரிக்கு நாலு சொட்டோடு அப்பாவின் வண்டி இன்னும் பல வருஷம் ஓடும். அம்மாவிடம் சொல்லுங்கள். எனக்கு மறுபடி எழுதும்போது, புள்ளிகள் முன் சக்கரத்திலிருந்து எத்தனை சாண் தள்ளி விழுந்தன என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள்.